கதிரையில் இருந்த ஆசுபத்திரி

அமெரிக்கா என்றால் நியூஜெர்சியும் அதைச் சுற்றிக் கொஞ்சக் காணியும் என்று நம்பிக்கொண்டிருந்த மடையன் நான். பூமிசாத்திரம் படிக்காதவன் அல்ல. சோதனையில் நல்ல புள்ளிகூட எடுத்தவன். ஆனால் என் மச்சான் ஒருவன் நியூஜெர்சியில் இருந்தான். ஒரு நாட்டில் நமக்கு ஒரு மச்சான் இருந்துவிட்டால் அந்த நாடு முழுவதும் அவனுடைய வளவு என்று நினைப்பது எங்கள் சனத்தின் சுபாவம். லண்டன் என்றால் ஈஸ்ற்ஹாம், கனடா என்றால் ஸ்காபரோ, அமெரிக்கா என்றால் மச்சான்.

இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் நான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. அப்போது நான் சுவிசில், லா ஷோ-து-ஃபோன் என்கிற மலைப்பட்டினத்தில், மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடைக்கும் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். அக்காவுக்கு அதே தொழிற்சாலையில் மணிக்கூட்டு முகத்தில் தூசி இருக்கிறதா என்று கண்ணில் வில்லை மாட்டிப் பார்க்கிற வேலை. என் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே இருந்தார். மட்டக்களப்புப் பக்கம், 'பிறகு' என்பதை 'மறுகா' என்பார். புருஷன் இல்லை, ஒரே மகள். அந்த மகள் கலியாணம் கட்டி அமெரிக்காவுக்குப் போன கிழமை, அக்கா குசினியில் அடுப்பு மூட்டாமல் இருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் நான் சொன்னேன்:

"ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ அக்கா. என்ர மச்சான் அங்கதான். வேலை முடியப் பின்னேரத்தில காரை எடுத்துக்கொண்டு போய் ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வருவான்."

அக்கா அதை நம்பி, மச்சானுக்கு உறைப்புப் பிடிக்குமா, இனிப்புப் பிடிக்குமா என்று விசாரித்தார். நான் அந்த உற்சாகத்தில் அவருக்கு முன்னாலேயே மச்சானுக்கு அழைப்பெடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன். இடத்தின் பெயரைச் சொன்னேன்.

"டேய்," என்றான் மச்சான், "நான் இண்டைக்கு வெளிக்கிட்டா நாளையிண்டைக்குத்தான் அங்க போய்ச் சேருவன். நீ அங்கயிருந்து பின்னேரத்தில மொஸ்கோவுக்குப் போய் எட்டிப் பாத்திட்டு வாறனியோ?"

நான் ஸ்பீக்கரை நிறுத்துவதற்குள் அக்கா தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்து கேட்டார்: "மறுகா தம்பி, அங்க ஆக்கள் இரிக்காங்களா?"

"சோளம் இருக்கு அக்கா," என்றான் அவன்.

இந்த ஒரு கேள்விதான் அக்கா. மற்றவர்கள் ஓர் இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் அங்கே குளிரா, வேலை கிடைக்குமா, வாடகை என்ன என்று கேட்பார்கள். அக்கா, ஆக்கள் இருக்கிறார்களா என்று கேட்பார். இருந்தால் எத்தனை பேர், எந்த வீட்டில், கூப்பிட்டால் கேட்குமா. சந்திரனுக்கு ஆள் அனுப்பிய கதையை யாரோ சொன்னபோதும் இதையே கேட்டாராம். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அவர் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த முதல் சனிக்கிழமை ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனார். சுவிசில் ஒருவருடைய கதவைத் தட்டுவதென்றால் இரண்டு கிழமைக்கு முன்னர் நாள் குறிக்க வேண்டும். அன்றைக்கும் ஐந்து நிமிடம் பிந்தினால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அக்காவிடம் இருந்த பிரெஞ்சு, ஒரு கைக்குள் அடங்கும். "போன்ஜூர், நான் கீழே, நீங்கள் மேலே" என்கிற அளவு. அதைச் சொல்லி ஒரு தட்டில் பொரித்த ரோல்ஸை நீட்டி, உள்ளே எத்தனை பேர் என்று தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். என் கதவைத் தட்டியபோது நான் பெனியனோடு நின்றேன். "தமிழா?" என்று கேட்டு, விடைக்குக் காத்திராமல், "தனியவா இரிக்காய்?" என்றார். மனைவி இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கிறாள் என்றேன். அதைக் கேட்டு அவருடைய முகத்தில் வந்த நிம்மதி, கலியாண வீட்டில்கூட எனக்கு யாரும் காட்டாதது.

மூன்றாம் மாடியில் ஒரு சுவிஸ் மதாம் இருந்தார். வயதானவர், நாய்க்குட்டியிடம் மட்டும் அன்பாகப் பேசுவார். ஒருமுறை அவருடைய யன்னல் பலகைகள் இரண்டு நாளாகத் திறக்கவில்லை. மணி அடித்தும் பதில் இல்லை. அக்கா என்னைப் பொலிசுக்கு அறிவிக்கச் சொன்னார். நானும் வீரமாக அறிவித்தேன். அவர்கள் பூட்டுத் திறக்கிற ஆளோடு வந்து கதவைக் கழற்றி உள்ளே போனார்கள். உள்ளே எல்லாம் துடைத்து அடுக்கி இருந்தது. மதாம், நாயோடு ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

அவர் திரும்பி வந்த அன்று நான் வேலைக்குப் போகிற சாட்டில் காலையிலேயே தலைமறைவானேன். மதாம் நேரே அக்காவின் கதவுக்குப் போய்ச் சத்தம் போட்டாராம். அக்காவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஆள் உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அடுத்த கிழமை மதாம் தன் வீட்டுச் சாவிக்கோர்வையிலிருந்து ஒரு திறப்பைக் கழற்றிக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் இருபது வருடமாக இருந்தவர்களுக்குக்கூட அவர் கொடுக்காத திறப்பு.

எனக்குக் கார் இருந்ததால் திரிம்பாக்கில் இருக்கிற அம்மன் கோயிலுக்கு அக்காவை ஏற்றிக்கொண்டு போகிறவன் நான். போகிற வழியெல்லாம் பாடம் கேட்பது போலக் கேட்பார்.

"அந்தா, அந்த மேட்டில தனிய ஒரு வீடு நிக்கி. அதில ஆர் இரிக்கா?"

"எனக்கென்னெண்டு அக்கா தெரியும்?"

"எத்தின தரம் இந்த றோட்டால போய் வாறாய். தெரியாதா?"

"நான் றோட்டைப் பாத்தெல்லோ ஓடுறனான்."

"அதுதான் பிழை."

ஒருநாள் அந்த வீட்டுப் பக்கம் திருப்பச் சொல்லி, இறங்கிப் போயே விட்டார். நான் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நாய் வந்தால் எந்தப் பக்கமாகப் பின்னெடுப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பி வரும்போது கையில் முட்டை இருந்தது. "ரெண்டு பேர்," என்றார் ஏறியபடி. "அண்ணனும் தங்கச்சியும். தங்கச்சிக்கு முழங்கால் ஏலாது. இனி ஓடு." கோயிலுக்குள் முட்டையோடு போகலாமா என்ற பிரச்சினையில் முட்டையை நான் காருக்குள் இருந்து காவல் காத்தேன். அன்றைக்கு எனக்கு அம்மன் தரிசனம் இல்லை.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மகள் கைக்குள்ள. இடம்பெயர்ந்து நடந்து வாறம். ஒரு ஊருக்குள்ள வந்தா, எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கி. அடுப்புக்கூட ஒண்டு ரெண்டு சூடு. படலைக்குப் படலை நிண்டு கூப்பிட்டன். ஒருத்தரும் இல்ல." பயற்றங்காயை முறித்தார். "இவளுக்கு அப்ப காய்ச்சல்."

நானும் இரண்டு பயற்றங்காயை எடுத்து முறித்தேன். பிழையாக முறிக்கிறேன் என்று பறித்துவிட்டார்.

அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்து, கனடாவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பொடியனைக் கட்டி, அமெரிக்காவின் நடுவயிற்றில் ஒரு கவுன்ரியில் போய் இறங்கியது. மருமகனுக்கு, காற்றில் சுற்றி மின்சாரம் தருகிற பெரிய விசிறிகளைப் பழுதுபார்க்கிற வேலை. கவுன்ரி என்றால் ஊரிலுள்ள பிரதேசச் செயலர் பிரிவு போல ஒன்று என்று அக்காவுக்கு நான் விளங்கப்படுத்தினேன். சுவிஸ்காரனுக்குச் சொல்வதென்றால் கன்ரோன் என்கிற மாநிலத்துக்குத் தங்கச்சி. மச்சான் விவகாரத்துக்குப் பிறகு நான் சொல்வதை அக்கா மகளிடம் ஒருதரம் கேட்டுத்தான் ஏற்றுக்கொள்வார்.

மகள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரில் போய்க் காட்டுவாள். நானும் எட்டிப் பார்ப்பேன். சப்பாத்தித் தட்டுப் போலத் தட்டையான நிலம். அதில் கோடு கிழித்த மாதிரித் தெருக்கள். எல்லாம் வடக்குத் தெற்கு, கிழக்கு மேற்கு. குறுக்கே ஒரு மண்ணிற ஆறு, அதற்கு ஒரு பாலம். நடுவில் ஒரு சின்னப் பட்டினம்: நீதிமன்றம், தானியம் கொட்டி வைக்கிற உயரமான கோபுரங்கள், ஒரு சிக்னல் விளக்கு. அந்த விளக்கும் சனிக்கிழமைகளில் வேலையில்லாமல் மஞ்சளாக மினுங்கிக்கொண்டு நிற்கும். மிச்சமெல்லாம் சோளமும் சோயாவும் பன்றிப் பண்ணையும். ஆட்களைவிடப் பன்றிகள் அதிகம் என்று மகள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"இது எங்கட ஊர் மாதிரித்தான் இரிக்கி," என்றார் அக்கா. எங்கட ஊர் என்றது லா ஷோ-து-ஃபோனை. அந்த நகரத்துத் தெருக்களும் அடிமட்டம் வைத்துக் கீறியவைதான். "வீடுகள மட்டும் புடுங்கிப் போட்டாங்க."

பனியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நாங்கள் இருந்ததும் மலை உச்சி. வைகாசியிலும் பனி விழும். பனியில் அவருக்குப் பயமில்லை. ஆளில்லாத வெளிதான் அவரை உலுப்பியது.

கோடையில் மகள் முழுகாமல் இருக்கிற செய்தி வந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. அந்தப் பட்டினத்து ஆசுபத்திரியில் பிள்ளைப்பேற்று வாட்டை மூடிவிட்டார்களாம். பிள்ளை பெறுகிறவர்கள் குறைந்துபோனார்கள் என்று வாட்டை மூடினார்கள். வாட்டு இல்லையென்று மிச்ச இளம் குடும்பங்களும் வேறிடம் போகின்றன. பிள்ளை பெறுவதென்றால் ஆற்றைத் தாண்டி, பக்கத்துக் கவுன்ரிக்குப் போக வேண்டும். மருமகன் விசிறி விசிறியாக ஏறி இறங்கிக்கொண்டு சில நாள் வீட்டுக்கே வரமாட்டார்.

போய்ப் பக்கத்தில் இருக்க அக்காவால் முடியாது. அப்போது அவரிடம் இருந்தது F என்கிற தற்காலிக அனுமதி. வந்த நாள் தொடக்கம் அதுதான். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வரி கட்டலாம், மூன்றாம் மாடி மதாமின் திறப்பை வைத்திருக்கலாம். நினைத்தபடி கடல் கடந்து போய் வர முடியாது. ஆகவே அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். அந்தக் கவுன்ரியைத் தன் குசினிக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு அது தெரியாது. ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்கப் போனேன். மேசையில் கட்டம் போட்ட பிளாஸ்ரிக் விரிப்பு. அதன் மேல் அங்குமிங்குமாகச் சாமான்கள் சிந்திக் கிடந்தன. ஒரு பச்சை நூல் வளைந்து வளைந்து குறுக்கே போனது. நான் கதிரையை இழுத்து உட்காரப் போனேன்.

"அதில இரிக்காத," என்றார் அக்கா. "அது ஆசுபத்திரி."

பார்த்தேன். கதிரையில் ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தது. பக்கத்துக் கவுன்ரி ஆசுபத்திரிக்கு மேசையில் இடம் போதவில்லையாம். நான் பணிவாக மற்றக் கதிரைக்குப் போனேன். விரிப்பில் ஒவ்வொரு கட்டமும் ஒரு மைல். பச்சை நூல் ஆறு. தக்காளித் தகரப்பேணி தானியக் கோபுரம். உப்புப் போத்தல் தேவாலயம். ஒரு உள்ளிப்பூண்டு, பன்றிப் பண்ணைக்காரர், அக்காவின் வாயில் பண்டிக்காரர். தேக்கரண்டி, பனி தள்ளுகிற வண்டி. நடுவில் தனியாக ஒரு சிவப்புப் பொத்தான், மகள். பொத்தானைச் சுற்றிப் பல கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஏதோ மிக்சர் சிந்திவிட்டது என்று நினைத்து, அக்கா விளங்கப்படுத்துகையில், ஓரத்தில் கிடந்த கச்சான் கடலையை எடுத்து வாயில் போட்டுவிட்டேன்.

அக்கா என்னையே பார்த்தார்.

"என்னக்கா?"

"நீ தின்னது ஷெரிஃப்."

எழும்பிப் போய்ப் போத்தலிலிருந்து வேறொரு கச்சானை எடுத்துவந்து, சனம் வாக்குப் போட்டுத் தெரிகிற அந்தப் பொலிசுத் தலைவரின் இடத்தில், தேர்தல் ஒன்றும் வைக்காமல் வைத்தார்.

சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தட்டில் அள்ளுவார். சாப்பிட்டு முடியத் திரும்பப் பரப்புவார். ஒவ்வொரு நாளும் மகளைக் கேட்டுக்கேட்டு ஒவ்வோர் ஆளாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். யாருடைய பெயரும் அவர் வாயில் நுழையவில்லை. ஆனால் யாருக்கு ட்ராக்டர் இருக்கிறது, யார் தனி ஆள், யார் பகலில் வீட்டில் நிற்பார் என்று தெரியும். எல்லாருடைய எண்களையும் மகளிடம் வாங்கித் தன் தொலைபேசியில் படம் போட்டு வைத்திருந்தார். பண்ணைக்காரருக்குப் பன்றிப் படம். நல்லவேளை, என் எண்ணுக்கு என்ன படம் போட்டிருந்தார் என்று நான் பார்க்கவில்லை.

மகளுக்கும் அவருக்கும் ஒரே சண்டை, கதவு தட்டுவதைப் பற்றித்தான்.

"வீடு வீடாப் போய் ரோல்ஸ் குடு எண்டு சொன்னனே. குடுத்தியா?"

"அம்மா, சொல்லாமக் கொள்ளாமப் போகக் கூடாது. அவங்களுக்குக் கரைச்சல்."

"ரோல்ஸ் கரைச்சலா?"

லா ஷோ-து-ஃபோனில் வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடத்திலேயே மற்றவர்களைத் தொந்தரவு செய்யாதே என்று ஊட்டி வளர்த்திருந்தார்கள். கடைசியில் சமரசமாக, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லாரும் கோப்பி குடிக்கிற நேரம் ஒரு தட்டு ரோல்ஸைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரச் சம்மதித்தாள். தேவாலயமா என்று நான் இழுத்தேன். "சாமி கோவிக்காது," என்றார் அக்கா. "ஆக்கள் அங்கதானே வாறாங்க."

மார்கழியில் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, அக்காவுக்கு ஒரு பை அரிசி தூக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். எங்களுக்குப் பின்னேரம், அங்கே மதியம் ஆகவில்லை. தொலைபேசி அடித்தது. மகள். முகம் தெரியவில்லை, கூரைதான் தெரிந்தது. நாளுக்கு முன்னதாகவே பிரசவ நோக் கண்டுவிட்டது. மருமகன் வேறு மாநிலத்தில் பனிப்புயலில் அகப்பட்டு நிற்கிறார். மகளின் பக்கமும் அதே புயல்.

"அம்புலன்சுக்குச் சொல்லிட்டன் அம்மா. றோட்டைப் பனி மூடிட்டுதாம். பனி தள்ளுற வண்டி ஆத்துக்கு அங்கால நிக்குதாம். அது வந்து வழிவிட்டாத்தான் வரலாமாம்."

"பண்டிக்காரரைக் கூப்பிடு. அவரிட்ட ட்ராக்டர் இரிக்கி."

"அவரோட நான் கனக்கக் கதைச்சதில்ல அம்மா. இந்தப் பனிக்குள்ள அந்த மனிசனை எப்பிடி…" வார்த்தை முடியவில்லை, பல்லைக் கடிக்கிற சத்தம்தான் கேட்டது.

அக்கா தன் தொலைபேசியை வைக்கவில்லை. அதிலே பன்றிப் படத்தைத் தட்டிக் காட்டி, "உன்ர போனில அடி. நீதானே இங்கிலீசுகாரன்," என்றார் எனக்கு.

என் ஆங்கிலம் ரியூசன் கொட்டிலில் கற்றது. அதில் கடிதம் எழுதலாம். அவசரத்துக்கு ஆளைக் கூப்பிட முடியாது. மறுமுனையில் ஒரு கனத்த குரல் வந்ததும் நான் எழும்பி நின்று, தொண்டையைச் செருமி, "குட் மோர்னிங் சேர், ஐ ஆம் கோலிங் ஃப்ரம் சுவிற்சர்லாந்து" என்று தொடங்கினேன். "நோ தாங்க்ஸ்," என்று வைத்துவிட்டார். மணிக்கூடு விற்கிறவன் என்று நினைத்திருப்பார். திரும்ப அடித்தேன். இந்தமுறை சுவிற்சர்லாந்து முடியக்கூட விடவில்லை.

"மடையா," என்றார் அக்கா. அதுவரை என்னை அப்படிச் சொன்னதில்லை. "நாட்ட ஏன் சொல்றாய்? பிள்ளையைச் சொல்லு."

மகளின் மூச்சு மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. என் மூக்குக் கண்ணாடி மேலே வீட்டில் இருந்தது. மூன்றாம் முறை இலக்கங்களை ஒவ்வொன்றாக அமத்தினேன். ஒரு வயதான பெண்ணின் குரல் வந்தது. பண்ணைக்காரரின் மனைவி என்று நினைத்து ஒரே மூச்சில் கொட்டினேன்: "மதாம், பேபி! பேபி கமிங்! ஸ்னோ! நோ ஹஸ்பன்ட்!"

யாருடைய பிள்ளை என்று கேட்டார், மிக நிதானமாக. விசிறிக்காரரின் மனைவி என்றேன். ஓ, அந்தப் பொரித்த சாமான் கொண்டுவருகிற பெண்ணா என்றார். ஓம், ஓம் என்று தமிழில் சொன்னேன். எந்த றோட்டு? சொன்னேன். பனி தள்ளுகிற வண்டி ஆற்றுக்கு அந்தப்பக்கம் நிற்கிறதாம் என்றேன்.

"அதை ஓட்டுகிறவன் என் தங்கையின் மகன். வைக்க வேண்டாம், பொறுங்கள்."

வேறொரு தொலைபேசியில் அவர் யாரையோ கிழிகிழியென்று கிழிக்கிற சத்தம் கேட்டது. எந்தப் பாஷையானாலும் பெரியம்மா ஏசுகிறது விளங்கும். பிறகு திரும்பி வந்து, அவன் பாலத்துக்கு வந்துவிட்டான், அம்புலன்ஸ் அவனுக்குப் பின்னால் வரும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, உங்கள் பக்கம் பனி எப்படி என்று விசாரித்தார்.

அக்கா இதற்குள் மகளோடு கதைத்தபடியே, ஒரு கையால் தேக்கரண்டியை எடுத்து, பச்சை நூலைக் கடந்து, கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டிருந்தார். "யன்னலால பார். வெளிச்சம் தெரியிதா? இல்லையா? மறுகாப் பார். மூச்சை விடு. இப்பப் பார்." தேக்கரண்டி பொத்தானுக்கு ஒரு கட்டம் தள்ளி நின்றது. அதை நகர்த்தாமல் விரலை அதிலேயே வைத்திருந்தார்.

"மஞ்சள் லைற்று," என்றாள் மகள். "வந்திட்டாங்க அம்மா. அம்புலன்சுக்குப் பின்னால ட்ராக்டரும் ஒண்டு வருது. பண்டிக்காரர் மாதிரி இரிக்கி."

மனிதர் இரண்டு தரம் தொலைபேசியை வைத்துவிட்டு, யோசித்துப் பார்த்திருக்கிறார் போல. அல்லது அந்தப் பெரியம்மா அவரையும் ஏசியிருக்கலாம்.

தொலைபேசி நின்றது. அக்கா குனிந்து, கதிரையிலிருந்த கோப்பையை எடுத்தார். மேசையில், பொத்தானோடு ஒட்ட வைத்தார். பிறகு அந்தக் கதிரையில் தானே உட்கார்ந்தார்.

காத்திருக்கிற நேரத்தைப் போக்க நான் என் தொலைபேசியைப் பார்த்தேன். கடைசியாக அமத்திய எண்ணில் ஓர் இலக்கம் பிழை. அது பண்ணைக்காரர் வீடே இல்லை. அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப அந்த மனிசி ஆர்?"

"தெரியாது அக்கா. பிழையான நம்பர்."

"எங்க இரிக்கா?"

"எனக்கென்னெண்டு…"

"கேக்கயில்லையா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பனி வண்டிக்குப் பெரியம்மா. இவ்வளவு நாளா இவவை எனக்கு ஒருத்தரும் சொல்லயில்ல." எழும்பிப் போய் ஒரு தேசிக்காயை எடுத்துவந்து, எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இடையில் என் மனைவி கீழே வந்து, நடந்ததைக் கேட்டு, "நீங்கள் கதைச்சும் வண்டி வந்ததோ?" என்று அதிசயப்பட்டாள். இடியப்பம் அவித்தாள். அக்கா தொடவில்லை. அவருக்குப் பின்னாலே போய் அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள் அவள். நான் இரண்டு பேருடைய பங்கையும் சாப்பிட்டேன். எனக்குப் பயம் வந்தால் பசிக்கும்.

பிறகு ஆசுபத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மகளின் குரலுக்கு முன்னால் வேறொரு குரல் வந்தது. சின்ன, கோபமான, நிறுத்தாமல் கத்துகிற குரல். அக்கா தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் மனைவி அழுதாள். நானும் அழுதிருப்பேன், வாயில் இடியப்பம் இருந்தது.

அக்கா இப்போது மகளோடு அங்கேதான் இருக்கிறார். அனுமதி மாறி, கடதாசிகள் ஒருபடியாகச் சரிவந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். நான் லோசான் நகரத்துக்கு மாறிவிட்டேன். என் புதுக் கட்டடத்தில் பக்கத்துக் கதவில் யார் என்று இன்னும் தெரியாது. போன மாதம் மகள் அனுப்பிய ஒரு படத்தில், ஒரு தட்டோடு அக்கா யாருடைய வாசலிலோ நிற்கிறார். பின்னால் அடிவானம் வரைக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்கிற அக்கா, அந்தப் பின்னேரத்து அக்காதான். தொலைபேசியை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிள்ளையும் தாயும் சுகம் என்றார். அப்போதுதான் எனக்குத் தைரியம் திரும்பியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னேன்:

"பாத்தீங்களோ அக்கா, நான் பிழையா அடிச்சபடியாத்தான் எல்லாம் சரிவந்தது. நான் மட்டும் இல்லாட்டி உங்கட மகளின்ர கெதி என்ன?"

அக்கா இடியப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இன்னும் வெள்ளன ஆசுபத்திரிக்குப் போய்ச் சேந்திருப்பாள்."